கைவேலை மூலை: நரியைக் கூப்பிடும் பெட்டி

போன இதழில் சூடு பிடிக்காத இஸ்திரிப் பெட்டியைப் பற்றி எழுதியதற்கு ஏழு பேர் ரெலிபோன் எடுத்திருந்தார்கள். இரண்டு பேருடைய பெட்டி சரிவந்துவிட்டது. ஒருவருடையது முன்னரைவிட மோசம் என்றார். அவர் பியூஸ் கம்பியை மாற்றாமல் முறுக்கி விட்டிருக்கிறார். இனி அப்படிச் செய்ய வேண்டாம்.

இந்த முறை எழுதப் போவது வீட்டுச் சாமான் அல்ல. எங்கள் ஆட்களில் பலருக்கு இப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாது. எனக்கும் போன மாரிகாலம் வரை தெரியாது. ஆனால் இதற்குள் இருக்கும் வேலை எல்லாருக்கும் பயன்படக்கூடியது. இதைச் செய்தபோது நான் விட்ட பிழைகளும் சொல்லவேண்டியவை.

என்னோடு ஒரே மெஷினில் வேலை செய்யும் கியூபெக்காரர் ஒருவர் இருக்கிறார். ஐம்பத்தைந்து வயது. எனது பிரெஞ்சை முகம் சுளிக்காமல் கேட்கும் ஒரு சிலரில் அவரும் ஒருவர். பக்டரி லஞ்ச் அறையில் இருந்த பழைய வானொலியை நான் திருத்தியதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் என்னிடம் வந்து, "கொயோட்டியைக் கூப்பிடுகிற பெட்டி ஒன்று செய்து தருவாயா?" என்று கேட்டார். நான் பகிடி என்று நினைத்தேன். பிறகு விளங்கப்படுத்தினார். அவரது தம்பி லஷூத் பக்கத்தில் செம்மறி வளர்க்கிறார். கொயோட்டிகள் குட்டிகளைத் தூக்குகின்றன. அவற்றைத் தேடிப் போய்ச் சுட முடியாது, ஏனென்றால் மனிதனை அது முதலில் கண்டுவிடும். ஆகவே அதைத் தன்னிடம் வரச் செய்ய வேண்டும். அடிபட்ட முயல் கத்துகிற சத்தத்தைப் பதிந்து பெரிதாக்கி வயலில் போட்டால், இலகுவான சாப்பாடு என்று நினைத்து வரும். கடையில் விற்கிற கருவிகள் பல நூறு டொலர். நான் சாமான் காசுக்குச் செய்து தருவதாக ஒத்துக்கொண்டேன்.

கொயோட்டி என்பது எங்கள் நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் நரியைவிடப் பெரியது. இந்தக் கிழக்குப் பக்கத்துக் கொயோட்டிக்கு ஓநாயின் இரத்தமும் கொஞ்சம் நாயின் இரத்தமும் கலந்திருக்கிறது. அதனால் மேற்கில் இருப்பதைவிடப் பருமன் கூட. இது கியூபெக்கின் பழைய குடியல்ல. ஓநாய்களை மனிதர் விரட்டி, காடுகளை வெட்டி வயலாக்கிய பிறகு மேற்கிலிருந்து மெல்ல மெல்ல வந்து, 1940களில்தான் இந்த மாகாணத்தில் காணப்பட்டது. அதுவும் எங்களைப்போல் வந்தேறியதுதான் என்று நான் சொல்ல, நண்பர் சிரித்தார். "நீ செம்மறி தின்னவில்லையே" என்றார். நாங்களும் ஆட்டிறைச்சி தின்கிறவர்கள்தான் என்பதை அப்போது சொல்லவில்லை.

நான் இருக்கும் இல்-பிசாரிலும் கொயோட்டி உண்டு. ஜாக் பிசார் என்ற சுவிஸ்காரருக்கு 1678இல் பிரெஞ்சு ஆட்சி கொடுத்த தீவு இது. 2002இல் இருந்து மொன்றியல் நகரத்தோடு சேர்ந்தது. பியர்போன் பக்கமிருந்து பாலத்தால் வந்தால் பாதி வீடுகள், மீதி காடும் சதுப்பும் கோல்ப் மைதானமும். இங்குள்ள காட்டுப் பூங்காவில் மாரிகாலத்து விடியற்காலைகளில், இரவு வேலை முடிந்து வரும்போது, அவை ஊளையிடுவதைக் கேட்டிருக்கிறேன். முதல்முறை கேட்டபோது காரை நிறுத்திவிட்டேன். வன்னியில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் புதிதல்ல. ஒன்று தொடங்க மற்றது எடுக்கும், பிறகு எல்லாம் சேர்ந்து கும்மாளம் போடும். இரண்டு மூன்று கொயோட்டிதான் நின்றிருக்கும், ஆனால் கேட்கிறவருக்குப் பத்துப் பன்னிரண்டு என்று தோன்றும்.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. 2017, 2018ஆம் ஆண்டுகளில் அகுன்சிக்-கார்ட்டியவில் பக்கம் கொயோட்டிகள் பகலிலும் தெருவில் திரிந்தன. சில பிள்ளைகளைக் கடித்தும் இருந்தன. அதன் பிறகு நகரசபை அவற்றைக் கவனிக்க ஒரு திட்டம் வகுத்து, மக்கள் அறிவிப்பதற்கு ரெலிபோன் இலக்கமும் ஏற்படுத்தியது. காரணம் பெரும்பாலும் மனிதர் போடுகிற சாப்பாடு. குப்பைப் பையை இரவிலே வெளியில் வைக்காதீர்கள். மிஞ்சிய சோற்றைக் காகத்துக்கென்று முற்றத்தில் கொட்டாதீர்கள். இது எங்களுக்குக் கஷ்டமான பழக்கம், எனக்குத் தெரியும். எதிரில் கண்டால் ஓடக்கூடாது. ஓடினால் அது துரத்தும். சின்னப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையை உயர்த்திச் சத்தம் போட்டு, முகத்தைத் திருப்பாமல் பின்னால் நகரவேண்டும். பிறகு 311க்கு அடித்துச் சொல்லலாம். பயந்து வீட்டுக்குள் அடைபடத் தேவையில்லை. கனடாவில் கொயோட்டி தாக்கி வளர்ந்த ஒருவர் இறந்தது ஒரே தடவைதான். 2009 அக்டோபரில், கேப் பிரெட்டனில், ரெய்லர் மிச்செல் என்ற பத்தொன்பது வயதுப் பாடகி.

விலங்கைச் சத்தத்தால் ஏமாற்றுவது புதிய விஷயமல்ல. தமிழ்நாட்டில் நரிக்குறவர் என்று பெயர் வந்ததற்கே இதுதான் காரணம் என்பார்கள். சென்னை அரும்பொருட்காட்சியகத்தில் இருந்த தேர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிப் புத்தகத்தில் இதைப் பற்றி இருக்கிறது. இரவில் வலையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மறைந்திருந்து நரியைப் போலவே ஊளையிடுவார். உண்மை நரிகள் தங்கள் கூட்டத்தில் ஒன்று என்று நம்பி ஓடிவந்து வலைக்குள் விழும். தொண்டையும் இரண்டு கையும்தான் அவர்களுடைய கருவி. 1972இல் வந்த இந்திய வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தொழில் குற்றமாகிவிட்டது. தொழில் போனது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்தச் சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டமூலம் 2022 டிசம்பரில்தான் இந்திய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நரிக்கொம்பு விற்கிறார்கள் என்று அவர்களைக் கேலி செய்வோம். அந்தக் கொம்பைக் காசு கொடுத்து வாங்கி மடியில் முடிந்தவர்கள் யார் என்று யோசிப்பதில்லை.

அமெரிக்காவில் இதையே மெஷினுக்கு மாற்றினார்கள். 1960களில் ரெக்சஸ் மாநிலத்து வேக்கோ நகரில் ஜொனி ஸ்ருவேட் என்பவர் முயல், பறவை கத்தும் சத்தங்களைப் பதிந்து இசைத்தட்டாக விற்றார். அதன்பின் கசெற் வந்தது, இப்போது எம்.பி.3. உள்ளிருக்கும் விஷயம் மாறவில்லை. சத்தத்தை வைத்திருக்க ஒன்று, பெரிதாக்க ஒன்று, வெளியில் விட ஒன்று, பற்றறி ஒன்று. நாலே நாலு.

பற்றறியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு இந்தப் பைத்தியம் தொற்றியதே பற்றறி இல்லாததால்தான். 1990இல் சண்டை மீண்டும் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பற்றறியும் தடை செய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. எனக்கு ஐந்தாறு வயது இருக்கும்போது எங்கள் சித்தப்பா சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி போடுவார். செய்தி நேரத்துக்கு அயலட்டை எல்லாம் எங்கள் வீட்டு முற்றத்தில். டைனமோவில் வருவது ஆறு வோல்ற் ஆடலோட்டம், அதை நேராக்க நாலு இருவாயிகளும் ஒரு பெரிய கொள்ளளவியும் வேண்டும் என்பதைச் சித்தப்பா எனக்கு ஈர்க்கிலால் மண்ணில் கீறிக் காட்டினார். நான் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அந்த மண்ணில் படித்தது கூட. பெடல் சுற்றுவது எனது வேலை. சுற்றுகிற வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவருடைய குரல் மங்கிப் போகும், பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்ப்பார்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

அம்பிளிபயருக்கு நான் எடுத்தது ரீ.டி.ஏ. 2003 என்ற ஐ.சி. பழைய கார் வானொலிகளில் இருப்பது. ஐந்து கால்கள். முதலாவது சத்தம் உள்ளே போகிற கால், இரண்டாவது திருப்பி ஊட்டுகிற கால், மூன்றாவது நிலம், நாலாவது ஸ்பீக்கர், ஐந்தாவது பற்றறியின் நேர். நாலாம் காலுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் 1000 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் பற்றறியின் நேரோட்டம் ஸ்பீக்கரின் சுருளுக்குள் போய் அதை எரித்துவிடும். நாலாம் காலில் இருந்து இரண்டாம் காலுக்கு வரும் வழியில் 220 ஓம், அதிலிருந்து நிலத்துக்கு 2.2 ஓம். இந்த இரண்டையும் வகுத்தால் கிடைப்பது நூறு. அதாவது உள்ளே போவது ஏறக்குறைய நூறு மடங்காக வெளியில் வரும். எம்.பி.3 பிளேயருக்கு இது அளவுக்கு மிஞ்சியது. ஆகவே முதலாம் காலுக்கு முன்னால் பத்தாயிரம் ஓம் வொலியூம் திருகி ஒன்று வையுங்கள். பிளேயரில் இடது வலது என்று இரண்டு வயர் வரும். அவற்றை நேரே முறுக்கி ஒன்றாக்கக் கூடாது, ஒவ்வொன்றிலும் ஆயிரம் ஓம் தடையி போட்டுப் பிறகு சேருங்கள். ஐ.சி.யின் முதுகில் இருக்கும் தகடு சூடாகும். அதை ஒரு அலுமினியத் துண்டில் திருகாணியால் பூட்டுங்கள். தகடு மூன்றாம் காலோடு சேர்ந்ததுதான், ஆகவே பெட்டியின் உலோகத்தில் பட்டாலும் பயமில்லை.

எனது முதலாவது ஐ.சி. பற்றறியை மாறிக் கொளுவியதில் செத்தது. ஒரு சின்னப் புகை, ஒரு நாற்றம், அவ்வளவுதான். ஒரு ஓவர்ரைம் இரவு முடிந்து வந்து நித்திரைத் தூக்கத்தில் செய்தது. இரண்டாவது முறை நேர் வயரில் ஒரு இருவாயி தொடராகப் போட்டேன். முக்கால் வோல்ற் அதில் நட்டம். ஐ.சி. தப்பும். நித்திரை குறைந்தவர்கள் செய்யும் வேலைக்கு இந்த நட்டம் அவசியம்.

ஸ்பீக்கர்தான் இதில் முக்கியம், இதிலே பலர் பிழை விடுகிறார்கள். நண்பர் என்னிடம் ஐம்பது வாற் அம்பிளிபயர் போடச் சொன்னார். நான் மறுத்தேன். எங்கள் கோயில் திருவிழாக்களில் பூவரசு மரத்தில் கட்டுகிற ஹோர்ன் குழாயை நினைத்துப் பாருங்கள். மூன்று ஊருக்குக் கேட்கும். அதற்குக் காரணம் அம்பிளிபயர் மட்டுமல்ல. ஹோர்ன் சத்தத்தைச் சிதற விடாமல் ஒரு பக்கமாகத் தள்ளும். வீட்டு வானொலியில் இருக்கும் கடதாசி ஸ்பீக்கருக்கு ஒரு வாற் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் எண்பத்தைந்து, தொண்ணூறு டெசிபெல் வரும். சின்ன ஹோர்னுக்கு அதே ஒரு வாற் கொடுத்தால் நூற்றைந்து அளவில் வரும். பத்து டெசிபெல் கூடுவதென்றால் பத்து மடங்கு வாற் கொடுத்ததற்குச் சமம். ஆனால் அம்பிளிபயரின் வாற்றை இரண்டு மடங்காக்கினால் கூடுவது மூன்று டெசிபெல் மட்டும். ஆகவே காசைக் குழாயில் போடுங்கள். ஹோர்னில் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கேட்காது, அடித் தொனி அதற்கு வராது. முயல் கத்துவதற்கு அடித் தொனி தேவையில்லை.

எனது பெட்டியின் கணக்கு இது. பன்னிரண்டு வோல்ற்றில், எட்டு ஓம் ஹோர்னுக்கு, ஏறக்குறைய இரண்டு வாற். ஒரு மீற்றரில் 108 டெசிபெல். தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு தடவையும் ஆறு டெசிபெல் குறையும். 256 மீற்றருக்குப் போகும்போது எட்டுத் தடவை இரட்டிக்கிறது. எட்டாறு நாற்பத்தெட்டு, மிச்சம் அறுபது. அதாவது கால் கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும் கொயோட்டிக்கு, பக்கத்தில் இருவர் பேசுகிற அளவில் கேட்கும். அதன் காது எங்கள் காதைவிடக் கூர்மையானது. போதும் போதும்.

எல்லாம் பூட்டி முடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பேஸ்மன்றில் வைத்து, நண்பர் தந்த மெமரி காட்டைப் போட்டு, வொலியூமைப் பாதி திருப்பி, சுவிச்சைத் தட்டினேன்.

முயல் சாதாரணமாகச் சத்தம் போடாத பிராணி. உயிர் போகிறபோதுதான் கத்தும். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அது கைக்குழந்தை கத்துவதைப் போலவே இருந்தது. ஹோர்ன் குழாயில், சின்ன அறைக்குள், நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது.

படியில் ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. மாமி. முழங்கால் வருத்தத்தால் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்குகிறவர், அன்று எப்படி ஓடி வந்தாரோ தெரியாது. பின்னால் மனைவி.

"ஆற்ற பிள்ளை தம்பி? ஆற்ற பிள்ளை?"

"பிள்ளை இல்லை மாமி, முயல். ரேப்பில பதிஞ்சது."

அவர் என்னைக் கேட்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். மேசைக்குக் கீழே குனிந்தும் பார்த்தார். நான் சுவிச்சை நிப்பாட்டின பிறகும் பார்த்தார். மனைவி அவரைக் கையில் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனாள். அன்றிரவு மாமி சாப்பிடவில்லை. எங்கள் சின்னவனைத் தன் கட்டிலில் போட்டுக்கொண்டு படுத்தார். மாமி 2009 மே மாதம் வரை முள்ளிவாய்க்காலில் இருந்தவர். அங்கே என்ன கேட்டார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அடுத்தநாள் காலையில் தேத்தண்ணி தரும்போது, "அந்தச் சாமானை இஞ்ச வச்சிருக்காதேங்கோ தம்பி" என்று மட்டும் சொன்னார்.

நான் யோசிக்காமல் செய்த வேலை. இதை வாசிக்கிறவர்களில் யாராவது இப்படி ஒன்று செய்வதாக இருந்தால், வீட்டில் வைத்து அந்தச் சத்தத்தைப் போட்டுப் பார்க்காதீர்கள். எங்கள் வீடுகளில் யாருக்கு எந்தச் சத்தம் எதைக் கிளப்பும் என்று வெளியில் இருந்து பார்க்கத் தெரியாது. அம்பிளிபயர் வேலை செய்கிறதா என்று பார்க்க நாதஸ்வரம் போதும். ஹோர்னுக்கு அதுவே நல்ல பரீட்சை. முயல் பதிவைக் கேட்க வேண்டுமென்றால் ஹெட்போனில் கேளுங்கள். வெளியில் போய்ப் பரீட்சிக்கலாம் என்று பூங்காவுக்கும் போகாதீர்கள். இல்-பிசார் காட்டுப் பூங்காவில் வேட்டையும் இல்லை, விலங்குகளைக் குழப்பவும் அனுமதி இல்லை. இரவில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் பொலிசுக்குத்தான் அடிப்பார்கள். அகதி வழக்கு முடியாதவர்களுக்கு அது வேண்டாத தலையிடி.

சட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்த நாட்டில் வேட்டைக்கு முதலில் வேட்டைக்காரச் சான்றிதழ் வேண்டும், அதற்கு வகுப்பும் பரீட்சையும் உண்டு. துவக்கு வைத்திருக்க மத்திய அரசின் லைசன்ஸ் வேறு. மாகாண அனுமதிச்சீட்டு வேறு. நாட்களும் இடங்களும் விலங்குக்கு விலங்கு மாறும், ஒவ்வொரு முறையும் மாகாண அரசின் விதிகளைப் பார்த்துத்தான் போகவேண்டும். இந்த மின்சாரக் கூப்பிடு கருவியை வாத்து போன்ற வலசைப் பறவைகளுக்குப் பாவிப்பது கனடிய மத்திய சட்டப்படி தடை. ஒரு விலக்கு உண்டு. பனி வாத்து. நூறு வருடத்துக்கு முன் சில ஆயிரமாகச் சுருங்கியிருந்த பெரிய பனி வாத்து, பாதுகாத்ததில் பெருகி 1990களின் முடிவில் பத்து இலட்சத்தை நெருங்கியது. கப் ரூர்மான் சதுப்பையும் உழவர்களின் வயல்களையும் வடக்கில் தான் முட்டையிடும் நிலத்தையும் அதுவே தின்று கெடுக்கத் தொடங்கியது. 1999இல் இருந்து அதற்கு மட்டும் வசந்தகால வேட்டையையும் மின்சாரக் கருவியையும் அனுமதித்தார்கள். அழியப் போகிறது என்று காப்பாற்றிய ஒன்றைக் குறைக்கச் சட்டம் போட வேண்டி வந்தது.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நண்பர் என்னையும் லஷூத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் துவக்குத் தொடவில்லை, பெட்டியைப் பார்க்க மட்டும் போனேன். விடியவில்லை. குளிர் இருபதுக்குக் கீழே. அங்கே படித்தது இரண்டு விஷயம்.

ஒன்று பற்றறி. சின்னச் சார்ஜ் பற்றறி பத்து, ஒவ்வொன்றும் 1.2 வோல்ற், சேர்த்துப் பன்னிரண்டு. வீட்டில் பரீட்சித்தபோது பல மணித்தியாலம் ஓடியது. பனியில் வைத்த பெட்டிக்குள் அரை மணித்தியாலத்தில் குரல் மங்கத் தொடங்கியது. எனக்கு உடனே சித்தப்பாவின் சைக்கிள் ஞாபகம் வந்தது. குளிரில் பற்றறிக்குள் நடக்கும் இரசாயன வேலை மந்தமாகிவிடும். பற்றறி சாவதில்லை, சூடாக்கினால் திரும்ப வரும். கார் பற்றறியும் இதே காரணத்தால்தான் தை மாதம் காலை வாருகிறது.

மற்றது காற்று. கொயோட்டி சத்தத்தை நம்பி நேரே வராது. சுற்றிப் போய், காற்று தன் முகத்துக்கு அடிக்கும் பக்கம் நின்று, மணந்து பார்த்துத்தான் கிட்ட வரும். கண்ணையும் காதையும் ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது என்றார் நண்பர். ஆகவே பெட்டியை முப்பது மீற்றர் தள்ளி வைத்து, காற்று போகிற பக்கத்தைப் பார்த்தபடி பற்றைக்குள் இருந்தோம். மெல்லத் தொடங்கி, இரண்டு நிமிடம் கத்தவிட்டு, கொஞ்சம் கழித்து வொலியூம் கூட்டியிருந்த பகுதி வரும்படி அவர் பதிந்து வைத்திருந்தார்.

இருபது நிமிடமளவில் அது வந்தது. வேலி ஓரமாக, சாம்பல் நிறம், வால் கீழே. நின்றது. பெட்டியைப் பார்த்தது. எங்களைப் பார்க்கவில்லை. தலையை ஒரு பக்கம் சரித்துக் கேட்டது, வீட்டு நாய் கேட்பதுபோல. நண்பர் சுட்டார்.

துவக்குச் சத்தத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் கேட்டுப் பல வருடம். குப்புறப் படுத்துவிட்டேன். படுத்ததே எனக்குத் தெரியாது, வாய்க்குள் பனி போனபோதுதான் தெரிந்தது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. துவக்கைத் திறந்து வைத்துவிட்டு என் தோளில் கை வைத்தார். அந்த நேரம் முழுக்கப் பெட்டி கத்திக்கொண்டிருந்தது. கொயோட்டி விழுந்துவிட்டது, முயல் நிப்பாட்டவில்லை. சுவிச் பெட்டியில் இருந்தது. முழங்கால் அளவு பனிக்குள் முப்பது மீற்றர் நடந்துபோய் அதை நிப்பாட்டினேன். அவ்வளவு தூரம் அது.

செம்மறிக்காரத் தம்பி எங்களுக்குக் கோப்பி தந்தார். போன வருடம் செத்த குட்டிகளைப் பற்றிச் சொன்னார். அவருடைய பக்கமும் நியாயம்தான்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பிப் பிரித்தேன். இப்போது ஹோர்ன் மட்டும்தான் தூரத்தில். பிளேயர், அம்பிளிபயர், பற்றறி எல்லாம் ஒரு சின்ன ரின்னுக்குள், இருக்கிறவரின் குளிர்ச்சட்டைப் பைக்குள். உடம்புச் சூட்டில் பற்றறி சோராது. சுவிச் கையில். இடையில் முப்பது மீற்றர் ஸ்பீக்கர் வயர், பதினெட்டாம் இலக்கம். போக வர அறுபது மீற்றர், அதன் தடை ஒன்றேகால் ஓம் அளவில். எட்டு ஓம் ஹோர்னோடு பார்த்தால் ஏழில் ஒரு பங்கு சக்தி வயரில் வீணாகும். டெசிபெல்லில் பார்த்தால் அது சிறிய நட்டம்தான். இதைவிட மெல்லிய மணி வயர் போட்டால் நட்டம் கூடும், போடாதீர்கள். மொத்தச் செலவு செத்த ஐ.சி.யையும் சேர்த்து நாற்பத்தாறு டொலர். குழாய் மட்டும் அதில் பாதிக்கு மேல்.

பெட்டி இப்போது லஷூத்தில் இருக்கிறது. மாமி இரண்டு தரம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டார்.

இதே சேர்க்கிட்டை ஹோர்னுக்குப் பதில் சாதாரண ஸ்பீக்கரோடு பாவித்தால் தமிழ்ப் பள்ளிக்கூட வகுப்புக்கோ வீட்டில் பாட்டுக் கேட்கவோ தாராளமாகப் போதும். வரைபடம் வேண்டியவர்கள் முத்திரை ஒட்டிய உறையோடு சஞ்சிகை முகவரிக்கு எழுதுங்கள், கையால் கீறி அனுப்புகிறேன். முயல் சத்தம் கேட்டு எழுதவேண்டாம். அது என்னிடம் இல்லை.